அரை வாளித் தண்ணீர்

1987ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாள், காலை எட்டு மணி. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கணுக்காலுக்கு மேல் பனி கிடந்தது.

பத்மநாதன் மாஸ்டர் செத்துக் கிடந்ததை முதலில் கண்டவள் செல்வமலர். பொங்கல் பானையை இடுப்பில் அணைத்துக்கொண்டு குசினிக் கதவால் பின்வளவுக்கு இறங்கினாள். இரண்டு அடி வைத்தபின், ஏனோ மாஸ்டரின் அறை யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் கம்பளியைப் போர்த்தபடி சாய்மனைக் கதிரையில் கிடந்தார். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. முகம் ரோசாப்பூ நிறத்தில் இருந்தது. உயிரோடு இருந்த ஐம்பத்தொன்பது வருடத்தில் அந்த முகத்தில் அப்படியொரு செழிப்பை எவரும் கண்டதில்லை.

பானையைப் போட்டுவிட்டு அவள் உள்ளே ஓடினாள். அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. மாஸ்டரின் கை விறைத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொங்கல் இல்லை.

வீட்டு வாசலில் 'பத்மநாதன் ரியூட்டறி' என்று ஒரு பலகை தொங்கியது. முன்னறையில் வாங்குகள் போட்டு, ஓ லெவல் சோதனைக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் இடம். பிள்ளை டொக்டராகாவிட்டால் லண்டனுக்கு வந்ததே வீண் என்று நம்பிய தகப்பன்மார், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து அங்கே கொட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளைக்கு ஏதாவது விளங்கியதா என்று ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை புள்ளி என்றுதான் கேட்டார்கள்.

மாஸ்டருக்கு இரசாயனவியல் நன்றாகத் தெரியும். மற்றவனுக்குத் தெரியாது என்பதில் அவருக்கு அதைவிடப் பெரிய சந்தோசம். அவருடைய கூட்டாளி சபாரத்தினத்துக்கு இரசாயனவியல் தெரியாது. ஆனால் கோட்டும் கழுத்துப்பட்டியும் இருந்தன. பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று போட்டுக்கொள்வார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால், சான்றிதழ் எரிந்துபோன கதையைச் சொல்லத் தொடங்குவார். அந்தப் பகுதித் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். கூட்டம் எதுவானாலும் முன்வரிசைக் கதிரை அவருக்கு.

சமன்பாட்டைச் சமப்படுத்துவது என்றால் சபாரத்தினத்துக்கு இலக்கங்களைப் பாடமாக்குவது. மெதேன் எரிந்தால் 'ஒண்டு, ரண்டு, ஒண்டு, ரண்டு'. புறொப்பேன் எரிந்தால் 'ஒண்டு, அஞ்சு, மூண்டு, நாலு'. பிள்ளைகள் தேவாரம் படிப்பதுபோல இராகம் போட்டு ஒப்புவிப்பார்கள். ஏன் அஞ்சு என்று கேட்டால், "அது அப்பிடித்தான், பாடமாக்கு" என்பார். அந்த முன்னறையிலிருந்து இதைப் படித்துக்கொண்டு போனவர்களில் சிலர் இன்று டொக்டர்களாக இருக்கிறார்கள் என்பது யோசித்தால் பயமான விஷயம்.

மூன்றாவது ஆள் செல்வமலர். முப்பது வயது. எண்பத்தைந்தில் அகதியாக வந்தவள். மேல்மாடிச் சின்னறையில் படுத்துக்கொண்டு மாஸ்டருக்குச் சமைத்து, கூட்டித் துடைத்து வந்தாள். அவளுடைய அகதி விண்ணப்பம் ஹோம் ஒஃபிஸில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அது எழும்பி என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாது.

காலை ஒன்பதரைக்கு வந்த சார்ஜன்ட் பிளண்டெல் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார். அவசரமாகக் கண்டுபிடிப்பது அவருடைய வழக்கம். மாஸ்டரின் அறையில் புகைபோக்கி இல்லாத பழைய மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று நின்றது. திரி முழுக்க ஏற்றியிருந்தது, தாங்கி காலி. சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தில் பழைய சேலைத் துண்டு ஒன்றை அடைத்திருந்தார்கள். காற்றுப் போதாமல் ஹீட்டர் எரிந்து, நஞ்சு வாயு உண்டாகி, ஆள் செத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து இரத்தப் பரிசோதனையும் காபன் மொனொக்சைட்டு என்றே சொன்னது. சார்ஜன்ட் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

இனி மிச்சம் இருந்தது ஒரே கேள்விதான். சேலைத் துண்டு யாருடையது?

அது செல்வமலருடையது. சபாரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், சார்ஜன்ட் கேளாமலே அதைச் சொன்னார். துவாரத்தை அடைக்காதே என்று அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ தரம் சொன்னாராம். படிக்காத சனமாம், என்ன செய்வதாம். முதல்நாள் இரவு பத்து மணிக்கு மாஸ்டர் படுக்கப் போகும்போது தன் கையாலேயே ஹீட்டரைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். தாங்கி நிறைய எண்ணெய் இருந்ததாம். இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். தன் வீட்டில் எல்லா அறையிலும் சென்ட்ரல் ஹீட்டிங் என்றும், தான் மண்ணெண்ணெய் காய்ச்சுகிற ஆள் அல்ல என்றும் போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், காலை பதினொரு மணி. அதே வீட்டுக் குசினி.

செல்வமலரின் வாக்குமூலத்தை எடுக்கச் சார்ஜன்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். வந்தவர் கோதை ரங்கராஜன். நாற்பத்திரண்டு வயது, திருச்சிக்காரி, மூக்குத்தி, தடித்த கண்ணாடி. எப்போதாவது கூப்பிட்டால் மொழிபெயர்க்க வருவார். சார்ஜன்டுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். மற்ற நாட்களில் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கவுன்சிலின் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக இரசாயனப் பகுப்பாய்வாளர் என்று கோதை சொல்லியிருப்பார். கடைக்காரன் இறைச்சி என்று விற்கும் சொசேஜில் எத்தனை பங்கு இறைச்சி என்று கண்டுபிடிப்பது அவருடைய தொழில். அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு மனிதர்களிடம் மரியாதை மிஞ்சுவதில்லை.

சார்ஜன்ட் முதலிலேயே விஷயத்தைச் சொல்லி வைத்தார். கவனக்குறைவால் ஆளைக் கொன்ற வழக்கு வரலாம். வழக்கு வந்தால் ஹோம் ஒஃபிஸுக்கும் எழுதவேண்டும். அதற்குப் பிறகு அவளைத் திருப்பி அனுப்புவார்களா இல்லையா என்பது தன் வேலை இல்லை. இதைத் தமிழில் சொல்லும்போது கோதைக்கு வாய் கசந்தது. செல்வமலர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"துவாரத்தை நீங்கதான் அடைச்சீங்களா?"

"ஓம். மாஸ்டர் சொல்லித்தான் அடைச்சனான். நத்தாருக்கு முதல் கிழமை. குளிர் காத்து வருகுது, உன்ர பழஞ்சீலை இருந்தால் கொண்டுவந்து அடை எண்டவர்."

"நத்தார்னா கிறிஸ்துமஸ்தானே? அப்போ மூணு வாரமா அடைச்சே இருந்துது. அந்த மூணு வாரமும் ராத்திரி ஹீட்டர் எரிஞ்சுதா?"

"ஒவ்வொரு நாளும். பத்து மணி வரையும் முன்னறையில காஸ் நெருப்புக்கு முன்னால இருப்பார். படுக்கப் போகேக்கைதான் ஹீட்டர் கொளுத்துவார். அதுக்கு முதல் கொளுத்தவிடார். எண்ணெய் செலவெண்டு."

கோதை இதைச் சார்ஜன்டுக்குச் சொன்னார். மூன்று வாரம் சாகாத மனிதர் அன்றைக்கு மட்டும் ஏன் செத்தார் என்று சொந்தக் கேள்வி ஒன்றையும் சேர்த்துக் கேட்டார். மொழிபெயர்ப்பாளரின் வேலை மொழிபெயர்ப்பது என்று சார்ஜன்ட் நினைவூட்டினார். அதிர்ஷ்டம் எப்போதும் கூடவே இருக்காது என்றும் ஒரு தத்துவம் சொன்னார். கோதை செல்வமலரிடம் திரும்பி, அந்த அறையில் காலையில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"யன்னல் துடைக்கிறது. விடிய எழும்பிப் பாத்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணி வடிஞ்சுகொண்டிருக்கும். யன்னல் படியில துவாயைப் போட்டுவிடுறனான், அதுவும் தெப்பமா நனைஞ்சிருக்கும். பிழிஞ்சு பிழிஞ்சு வாளியில ஊத்துவன். குளிர் கூடின நாளில கண்ணாடியிலயே ஐஸாப் போயிடும். பிறகு சுரண்டவேணும்."

"அன்னிக்கு?"

செல்வமலர் கொஞ்சம் யோசித்தாள். "அண்டைக்குத் துடைக்கேல்லை, அக்கா. பொலிஸ் வருமட்டும் மாஸ்டருக்குப் பக்கத்தில நிண்டனான். துவாய் மடிச்சபடி கிடந்தது. அது காஞ்சுதான் கிடந்தது."

கோதை பேனையை மேசையில் வைத்துவிட்டு, சார்ஜன்டிடம் அன்று எடுத்த படங்களைக் காட்டும்படி கேட்டார். சார்ஜன்ட் பெருமையோடு எடுத்து நீட்டினார். நல்ல கமராதான். கதிரையில் மாஸ்டர், காலடியில் ஹீட்டர், சுவரில் சேலைத் துண்டு. பின்னால் யன்னல். யன்னலுக்கு வெளியே பனி, வேலி, மூன்று செங்கல், அவற்றுக்கு நடுவே ஒரு இரும்புக் கரிச்சட்டி, எல்லாம் துலக்கமாக விழுந்திருந்தன. சட்டியைச் சுற்றிப் பனி இல்லை. வட்டமாகப் புல் தெரிந்தது.

கோதை அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நீங்க வளவுல நின்னு கண்ணாடி வழியாத்தானே அவரைப் பாத்தீங்க?"

"ஓம்."

"மத்த நாள்ல அப்படி வெளியில இருந்து பாத்தா உள்ள தெரியுமா?"

"ஏலாது, அக்கா. ஒண்டும் தெரியாது. வெள்ளையாய்க் கிடக்கும்." சொல்லி முடித்ததும் செல்வமலரின் புருவம் சுருங்கியது.

சார்ஜன்டுக்கு இதை மொழிபெயர்க்கவில்லை. கோதை எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனார். குளிர் குறையவில்லை, மூன்று நாளாகப் புதுப் பனியும் விழவில்லை. செங்கல்லும் சட்டியும் அப்படியே இருந்தன. சட்டியில் பாதிக்குச் சாம்பல். சுற்றிவர உருகிய பனி திரும்ப உறைந்து கண்ணாடிபோல ஒரு வளையமாகக் கிடந்தது. பின்னால் வந்த சார்ஜன்ட், அது அவர்களுடைய பண்டிகை நெருப்பு என்று விளக்கினார். வெளியே சமைக்கும் ஒரு அழகான வழக்கமாம். அவர் அதைப்பற்றி எங்கோ வாசித்திருந்தார்.

கோதை கதவருகே நின்ற செல்வமலரைக் கேட்டார். "நீங்க அன்னிக்கு இந்தக் கரியைப் பத்த வச்சீங்களா?"

"இல்லை. முதல்நாள் பின்னேரம் கல்லும் சட்டியும் வைச்சுவிட்டனான். விறகெண்டால் புகை வருமெண்டு பக்கத்து வீட்டுக்காரர் கத்துவினம், அதுதான் கரி. கரிப்பை ஷெட்டுக்குள்ள கிடந்தது. விடியப் பத்தவைப்பம் எண்டு வரேக்கைதானே மாஸ்டரைக் கண்டனான்."

"அதுக்கப்புறம் யாராவது?"

"செத்த வீட்டில பொங்குவினமே, அக்கா?"

இந்தக் கேள்வியைக் கோதை ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் கிடையாது என்றும், பானையில் அரிசிகூடப் போடவில்லை என்றும், அப்படியிருக்க இந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார். சார்ஜன்ட் சாம்பலைப் பார்த்தார். அது தன்னை ஏமாற்றிவிட்டது போல அவருக்குக் கோபம் வந்தது.

செல்வமலர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னாள். அதுவரை யாரும் அவளிடம் கேட்காததால் சொல்லவில்லை. பொங்கலுக்கு முதல்நாள் மத்தியானம் மாஸ்டர் மிகுந்த உற்சாகமாக இருந்தார். "நாளைக்குப் பொங்கி முடியச் சனத்துக்கு முன்னால சபாரத்தினத்தைக் கரும்பலகையில ஏத்திச் சமன்பாடு போடவைக்கப்போறன், வேடிக்கை பார்" என்று அவளிடமே சொன்னார். இரவு எட்டு மணிக்கு அவள் படுக்கப் போய்விட்டாள். விடியப்புறம், இருட்டோடு, குசினிக் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் பூனையைத் துரத்துகிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாளாம்.

வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, வேறு யாரிடம் இருந்தது என்று கோதை கேட்டார். சபாரத்தினத்திடம் ஒன்று இருந்தது.

நண்பகல் பன்னிரண்டரை. ரியூட்டறி முன்னறை.

சபாரத்தினத்தைச் சார்ஜன்ட் தொலைபேசியில் அழைத்திருந்தார். அவர் கறுத்தக் கோட்டோடும், துக்கத்துக்கென்று தேர்ந்தெடுத்த கழுத்துப்பட்டியோடும் வந்து முன்வாங்கில் உட்கார்ந்தார். கரும்பலகையில் மாஸ்டரின் கையெழுத்தில் ஒரு சமன்பாடு இருந்தது. சுற்றிப் பெட்டி கீறி, 'அழிக்கக்கூடாது' என்று கீழே எழுதியிருந்தது.

C₁₂H₂₆ + O₂ → CO₂ + H₂O

"இது என்ன சார்?" என்று கோதை கேட்டார்.

சபாரத்தினம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மொழிபெயர்க்க வந்த மிஸ்தானே? இது கெமிஸ்ற்றி. சனிக்கிழமை வகுப்புக்கு மாஸ்டர் போட்டுவைச்சது. உங்களுக்கு விளங்காது."

"மண்ணெண்ணெய் எரியறதுக்கான சமன்பாடு மாதிரி இருக்கு. இலக்கம் ஒண்ணும் போடலியே. நீங்க போட்டுக் காட்டுங்களேன். நான் கத்துக்கறேன்."

மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளைக்காரச் சார்ஜன்ட் பார்த்துக்கொண்டிருந்தார். கற்பிக்கச் சொல்லிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமுமில்லை. இது அவர் பாடமாக்கிய பட்டியலில் இல்லாத சமன்பாடு. எழுந்து சோக்கை எடுத்தார். காபனை எண்ணினார், பன்னிரண்டு. CO₂வுக்கு முன்னால் 12 போட்டார். அதில் எத்தனை ஒட்சிசன் என்று பார்த்தார், இருபத்துநான்கு. இடப்பக்கத்து O₂வுக்கு முன்னால் 12 போட்டார். பிறகு இரண்டடி பின்வாங்கி நின்று, சோக்குத்தூளைத் தட்டினார்.

"அவ்வளவுதான்," என்றார்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

இடப்பக்கத்தில் ஐதரசன் இருபத்தாறு. வலப்பக்கத்தில் இரண்டு. மிச்சம் இருபத்துநான்கு ஐதரசனும் எங்கே போயின என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கடைசியில் நின்ற H₂O அவருக்கு வெறும் வால். இருபது வருடமாக மற்றவர்களின் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பித்துக் கோட்டும் காரும் வாங்கிய மனிதர் அவர்.

கோதைக்கு எரிச்சல்தான் வந்தது. வெற்றி பெற்ற சந்தோசம் வரவில்லை. இந்த ஆளிடம் தோற்க இருந்தது ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை என்று நினைத்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. சார்ஜன்டுக்கு ஆங்கிலத்திலும் சபாரத்தினத்துக்குத் தமிழிலுமாக, இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தை நடத்தினார்.

மண்ணெண்ணெயில் காபனும் இருக்கிறது, ஐதரசனும் இருக்கிறது. எரிந்தால் காபன் வாயுவாகப் போகும். காற்றுப் போதுமானால் காபனீரொட்சைட்டு, போதாவிட்டால் மொனொக்சைட்டு. இந்த அளவு சபாரத்தினத்துக்கும் தெரிந்திருந்தது. ஆனால் காற்றுப் போதுமானாலும் போதாவிட்டாலும் ஐதரசன் தண்ணீராகத்தான் வரும். அதற்கு வேறு வழியில்லை. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் போட்ட ஒவ்வொரு அணுவும் அந்தப் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். ஒன்றும் மாயமாகப் போகாது. ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லீட்டருக்குச் சற்றுக் கூடவே தண்ணீர். அந்தத் தாங்கி நான்கு லீட்டர்.

"ராத்திரி முழுக்க ஒரு தாங்கி எண்ணெய் அந்த அறையில எரிஞ்சிருந்தா, விடியும்போது அரை வாளித் தண்ணி அங்க இருக்கணும்," என்றார் கோதை. "புகைபோக்கி இல்ல, துவாரம் அடைச்சாச்சு, கதவு சாத்தியாச்சு. கண்ணாடியில வடிஞ்சு ஐஸா உறைஞ்சிருக்கணும். மூணு வாரமா அப்படித்தான் வடிஞ்சுது. அன்னிக்கு மட்டும் ஜன்னல் படியில போட்ட துண்டு காஞ்சு கெடந்துது. கண்ணாடி வழியா வெளியில நின்ன பொண்ணுக்கு உள்ள இருந்த பிணம் தெரிஞ்சுது. ஹீட்டரை நீங்களே கையால பத்த வச்சதா சார்ஜன்ட்கிட்ட சொல்லியிருக்கீங்க, சார். அந்த அரை வாளித் தண்ணி எங்க?"

சபாரத்தினம் வாயைத் திறந்தார். வறட்சியான காற்று என்று ஏதோ சொல்ல முயன்றார். சார்ஜன்ட் தன் படத்தை எடுத்து, யன்னலுக்கு அப்பால் துலக்கமாகத் தெரிந்த வேலியை வெறித்துப் பார்த்தார். மூன்று நாளாக அந்தப் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவர் அவர்.

அப்படியானால் நஞ்சு வாயு எங்கிருந்து வந்தது என்று சார்ஜன்ட் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான்.

கரியிலிருந்து வந்தது என்றார் கோதை. கரி என்பது ஏறக்குறைய வெறும் காபன், அதில் பேர் சொல்ல ஐதரசன் இல்லை. மூடிய அறையில் எரிந்தால் வாயு மட்டும் வரும், தண்ணீர் வராது. முதல்நாள் இரவு சபாரத்தினம் வந்து, நாளைக்கு மானத்தை வாங்கவேண்டாம் என்று கெஞ்சியிருப்பார். மாஸ்டர் சிரித்திருப்பார், அவருடைய சிரிப்பு அந்தத் தெருவுக்கே தெரியும். அதற்குப் பிறகு சபாரத்தினம் வளவுக்குப் போய்ச் சட்டியில் கரியைப் பற்றவைத்தார். பனி வட்டமாக உருகியது அப்போதுதான். நாளைக்குக் கரி பிடிக்குமா என்று பார்த்தேன், தணல் வீணாய்ப் போகிறது, உள்ளே வைத்துக் குளிர் காயுங்கள் என்று கொண்டுபோய்க் கொடுத்தார். மாஸ்டரும் எண்ணெய் மிச்சம் என்று வாங்கி வைத்துக்கொண்டார். கரியும் மூடிய அறையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவர், எழுதியதைத் தன் அறைக்குள் ஒருநாளும் கொண்டுபோகவில்லை. ஒருவருக்குப் பாடம் விளங்கவில்லை, மற்றவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. இப்படி இரண்டு பேர் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடம் அது.

விடியப்புறம் சபாரத்தினம் திறப்போடு வந்து, சட்டியைத் திரும்ப வளவில் வைத்தார். ஹீட்டர் தாங்கியில் இருந்த எண்ணெயை ஊற்றி எடுத்தார். திரியை ஏற்றிவிட்டார். துவாரத்தில் இருந்த சேலைத் துண்டு அவருக்கு முன்னமே தெரியும். பழியைப் போட ஆள் தயாராக இருந்தாள், அவள் ஒரு அகதி, அவளுக்கு ஆங்கிலமும் வராது. பொங்கலன்று காலையில் அவள் கரியைப் பற்றவைத்தால் பழைய சாம்பலும் புதுச் சாம்பலோடு சேர்ந்துவிடும் என்பதும் அவருடைய கணக்கு.

"கண்ணாடி வேர்த்திருந்தா அந்தக் கணக்கும் சரியா வந்திருக்கும்," என்றார் கோதை. "இவங்களுக்கு உள்ள ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. கரியைப் பத்த வச்சுப் பொங்கி முடிச்சுட்டுத்தான் அவரை எழுப்பப் போயிருப்பாங்க. தண்ணி இல்லாததால சாம்பலும் காட்டிக்கொடுத்துடுச்சு."

சார்ஜன்டுக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தது. தாங்கியில் இருந்த எண்ணெய் எங்கே? வளவுப் பனியில் ஊற்றியிருந்தால் நிறம் தெரிந்திருக்கும். அந்த மண்ணெண்ணெய்க்கு இளஞ்சிவப்புச் சாயம். குசினித் தொட்டியில் ஊற்றியிருந்தால் வீடு முழுக்க மணத்திருக்கும், சமைக்க இறங்கியவளுக்கு முதலில் தெரிந்திருக்கும். கோதை யன்னலால் தெருவில் நின்ற சபாரத்தினத்தின் காரைக் காட்டினார். நான்கு லீட்டர் நல்ல எண்ணெயைக் கொட்ட மனம் வராத ஆள் என்று அவரைப் பார்த்தாலே தெரிகிறது என்றார்.

காரின் பின்பெட்டியில், பழைய கோணிச்சாக்குக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கான் இருந்தது. உள்ளே இளஞ்சிவப்பு மண்ணெண்ணெய். வீட்டில் எல்லா அறையிலும் சென்ட்ரல் ஹீட்டிங் வைத்திருக்கும் மனிதருக்கு அது எதற்கு என்று சார்ஜன்ட் கேட்டார். சபாரத்தினம் திரும்ப முன்னறை வாங்கில் வந்து உட்கார்ந்து, கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, மாஸ்டர் தன்னைச் சனத்துக்கு முன்னால் அவமானப்படுத்த இருந்ததைச் சொல்லி அழத் தொடங்கினார். செத்தவருக்காக அழவில்லை. செல்வமலர் இருந்த பக்கம் திரும்பவுமில்லை.

செல்வமலர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். "இனி என்னை அனுப்பமாட்டினமே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கோதை சார்ஜன்டைப் பார்த்தார். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சார்ஜன்ட் சொன்னார். ஹோம் ஒஃபிஸுக்கு அவளைப்பற்றி எழுத இருந்ததை எழுதப்போவதில்லை என்றும் சொன்னார். அப்படிச் சொல்லும்போதும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கோதை அதைத் தமிழில் சொன்னதும் செல்வமலர் அப்படியே நிலத்தில் குந்தி, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கோதை அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத பெண், அதனால் தோளில் கையை மட்டும் வைத்தார்.

சார்ஜன்ட் சபாரத்தினத்தின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். கதவடியில் போனதும் அவர் நின்று, கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். அழுகை நின்றுவிட்டது. அவருடைய உதடு அசைந்தது, பாடமாக்கிய இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"மிஸ்," என்றார். "கடைசியில நிக்கிற H₂Oவுக்கு முன்னால என்ன போடவேணும்?"

கோதை சோக்கை எடுத்தார். முன்னால் 2, பிறகு 37, பிறகு 24 என்று அவருடைய இலக்கங்களை அழித்து எழுதினார். கடைசியில் 26 போட்டு, அதன்கீழ் ஒரு கோடு இழுத்தார்.

"அது இலக்கம் இல்ல, சார். தண்ணி."

சபாரத்தினம் தலையை ஆட்டினார். "ரண்டு, முப்பத்தேழு, இருபத்திநாலு, இருபத்தாறு," என்று வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.